இயக்கக் கட்டுப்பாட்டு அமைப்பின் உறுப்புகள்: சிஎன்சி அச்சை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு பொருளைக் குறித்த பாதையில், குறித்த வேகத்தில், குறித்த நேரத்துக்குள் நகர்த்தி, அது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதையும் அளந்து உறுதிசெய்யும் பொறியியல் துறை இயக்கக் கட்டுப்பாடு எனப்படுகிறது. சிஎன்சி (கணினிவழி எண் கட்டுப்பாட்டு) இயந்திரத்தின் மேசை, ரோபோவின் கை, மருந்துக் குப்பிகளை நிரப்பும் வரிசை, செய்தித்தாள் அச்சிடும் உருளைகள், தறியில் பாவு நூலை விடும் உருளை ஆகிய எல்லாவற்றிலும் அடிப்படையில் ஒரே அமைப்புதான் வெவ்வேறு அளவுகளில் வேலை செய்கிறது. எங்கே போக வேண்டும் என்று கணக்கிடும் கன்ட்ரோலர், அந்தக் கணக்கை மின்னோட்டமாக மாற்றும் டிரைவ், மின்னோட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் மோட்டார், சுழற்சியைச் சுமையிடம் கொண்டுசேர்க்கும் பால் ஸ்க்ரூ, கியர்பாக்ஸ் போன்ற கடத்தும் பாகங்கள், நடந்ததை அளந்து திருப்பிச் சொல்லும் உணரி என்னும் ஐந்தும் அந்த அமைப்பின் உறுப்புகள்.

பாடநூல்கள் பொதுவாக இந்த ஐந்தையும் தனித்தனி அத்தியாயங்களாக விளக்குகின்றன. தொழிற்சாலைகளும் அவற்றைத் தனித்தனியாகவே வாங்குகின்றன. மோட்டாரைக் கிலோவாட் பார்த்தும், உணரியான என்கோடரைப் பிட் எண்ணிக்கை பார்த்தும் தேர்வு செய்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் ஓர் அச்சின் துல்லியமும் வேகமும் எந்தத் தனி உறுப்பின் தரத்தாலும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதும், அளவீடு எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது, அந்த இடத்துக்கும் சுமைக்கும் இடையில் உள்ள பாகங்கள் எவ்வளவு விறைப்பாக உள்ளன என்னும் இரண்டு கேள்விகளுக்கான விடையே அவற்றைத் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. இதைக் காட்டுவதற்கு சிஎன்சி மில்லிங் இயந்திரத்தின் ஒற்றை அச்சு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கன்ட்ரோலரில் தொடங்கிச் சுமையில் முடியும் வழக்கமான வரிசையும் இங்கே தலைகீழாக்கப்பட்டுள்ளது, ஏனெனில் வடிவமைப்பு சுமையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

துறை உருவான விதம்

அளந்து திருத்திக்கொள்ளும் இயக்கம் கப்பலில் பிறந்தது. நீராவியின் விசையால் கப்பலின் சுக்கானைத் திருப்பி, திருப்பிய அளவைத் திரும்பவும் கட்டளையோடு ஒப்பிடும் பொறியமைப்பை பிரெஞ்சுப் பொறியாளர் லியோன் ஃபார்கோ 1873-இல் வெளியான தமது நூலில் விளக்கியபோது அதற்கு ‘சர்வோ மோட்டார்’ என்று பெயரிட்டார். இன்று பட்டறைகளில் புழங்கும் ‘சர்வோ’ என்ற சொல் அங்கிருந்தே வருகிறது. 1922-இல் நிக்கலாஸ் மினோர்ஸ்கி, அனுபவமுள்ள சுக்கான்காரர் கப்பலை எப்படித் திருத்துகிறார் என்பதைக் கணித வடிவில் எழுதி, தற்போதைய விலகல், விலகலின் திரட்சி, விலகல் மாறும் வேகம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கட்டளை தரும் முறையை வகுத்தார். பிஐடி என்று இன்று அறியப்படும் முறை இதுவே. 1934-இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தைச் சேர்ந்த ஹெரால்டு ஹேசன் இத்தகைய அமைப்புகளுக்கான பொதுக் கோட்பாட்டை வெளியிட்டார்.

இந்தக் கோட்பாடு உலோகம் வெட்டும் இயந்திரத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஹெலிகாப்டர் இறக்கை. மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளைத் தயாரித்த ஜான் பார்சன்ஸ், அவற்றின் வளைவை துளையட்டைக் கணக்குப்பொறியால் புள்ளிபுள்ளியாகக் கணக்கிட்டு, அந்த எண்களையே நேராக இயந்திரத்துக்குத் தரலாம் என்ற எண்ணத்தை அமெரிக்க விமானப்படையிடம் முன்வைத்தார். எம்ஐடியின் சர்வோ ஆய்வுக்கூடம் அப்பணியில் சேர்ந்து, துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று அச்சுகளையும் ஒருசேர நகர்த்தும் மில்லிங் இயந்திரத்தை 1952-இல் இயக்கிக் காட்டியது. ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனத்தில் செய்யுமோன் இனாபா தலைமையிலான குழு 1956-இல் தன் முதல் எண்வழிக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்தது. பின்னாளில் ஃபானக் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்த அக்குழு, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் துடிப்பு மோட்டாரை நெடுநாள் நம்பியிருந்துவிட்டு, 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1974-இல் மின் சர்வோ மோட்டாருக்கு மாறியது. தான் வளர்த்தெடுத்த தொழில்நுட்பத்தைத் தானே கைவிட்ட இந்த முடிவு, இத்துறையின் வரலாற்றில் மிகத் துணிவான முடிவுகளில் ஒன்றாகக் கருதத்தக்கது.

சுமையும் கடத்தும் பாகங்களும்

வடிவமைப்பின் முதல் கேள்வி, எவ்வளவு நிறையை எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும் என்பதே. மேசையும் அதன்மேல் உள்ள வேலைப்பொருளும் சேர்ந்து 100 கிலோகிராம் என்றும், அது 0.6 விநாடியில் 300 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்றும் கொள்ளலாம். முடுக்கம், சீர்வேகம், வேகக் குறைப்பு ஆகிய மூன்று கட்டங்களுக்கும் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டால், உச்ச வேகம் விநாடிக்கு 750 மில்லிமீட்டராகவும் முடுக்கம் விநாடி வர்க்கத்துக்கு 3.75 மீட்டராகவும் அமைகிறது. வேகத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் சரிவகம் போலத் தோன்றும் இந்த வடிவமே பெரும்பாலான கணக்குகளின் தொடக்கம். அதே தூரத்தை 0.3 விநாடியில் கடக்க வேண்டும் என்று உற்பத்திப் பிரிவு கேட்டால், முடுக்கம் இரு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. மோட்டாரின் கம்பிச்சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், முடுக்கும் வேளையில் அது ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. சுழற்சி நேரத்தைச் சிறிது குறைத்ததற்கு மோட்டார் ஏன் இவ்வளவு சூடாகிறது என்ற கேள்விக்கு விடை இந்தப் பெருக்கலில் இருக்கிறது.

சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும் பால் ஸ்க்ரூவில், திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருண்டு சுற்றி வருவதால் உராய்வு மிகக் குறைவு. தரும் ஆற்றலில் ஏறத்தாழ 90 சதவீதம் சுமையைச் சேர்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு நகரும் தூரம் ‘லீட்’ எனப்படுகிறது. மேலே சொன்ன மேசைக்கு 20 மில்லிமீட்டர் லீட் உள்ள ஸ்க்ரூவைத் தேர்ந்தால், உச்ச வேகத்துக்கு மோட்டார் நிமிடத்துக்கு 2,250 சுற்றுகள் சுழல வேண்டும். மேசையை முடுக்கும் 375 நியூட்டன் விசைக்கு மோட்டார் தண்டில் சுமார் 1.3 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தேவை. 25 மில்லிமீட்டர் விட்டமும் 800 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட அந்த ஸ்க்ரூவைச் சுழற்றுவதற்கு மட்டுமே மேலும் ஏறத்தாழ 0.3 நியூட்டன்-மீட்டர் வேண்டும். உராய்வும் மோட்டாரின் சொந்த ரோட்டரும் இதற்குமேல் கூட்டப்பட வேண்டியவை. இந்த எண்கள் தெரியாமல் கிலோவாட்டைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

சுமை மோட்டாருக்கு எவ்வளவு கனமாகத் தோன்றுகிறது என்பதை நிலைமத் திருப்புத்திறன் சொல்கிறது. சுழலும் பொருள் தன் சுழற்சி மாறுவதை எதிர்க்கும் அளவு அது. 100 கிலோகிராம் மேசை, 20 மில்லிமீட்டர் லீட் வழியாக, மோட்டார் தண்டில் சுமார் 10 கிலோகிராம்-சதுர சென்டிமீட்டராக மட்டுமே தெரிகிறது. லீட்டைப் பாதியாக்கினால் இது கால் பங்காகும். 1:5 கியர்பாக்ஸ் வைத்தால் இருபத்தைந்தில் ஒரு பங்காகும், ஏனெனில் குறைப்பு விகிதம் வர்க்கமாக வேலை செய்கிறது. சுமையின் நிலைமத்தை மோட்டாரின் நிலைமத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று ஒவ்வொரு நிறுவனத்தின் பட்டியலும் ஒரு வரம்பைச் சொல்கிறது. அந்த வரம்பு இயற்கை விதி அல்ல. மோட்டார் தண்டை ஸ்க்ரூவோடு இணைக்கும் கப்ளிங்கும் ஸ்க்ரூவும் முற்றிலும் விறைப்பாக இருந்தால் மிகப் பெரிய விகிதத்தையும் சர்வோ தாங்கும். அவை வளைந்து முறுகும் தன்மை கொண்டவையாக இருப்பதால்தான், மோட்டார் ஒரு பக்கமும் சுமை மறுபக்கமும் நின்று ஊஞ்சலாடத் தொடங்கி, விகிதம் கூடும்போது அந்த ஆட்டம் கட்டுக்கடங்காமல் போகிறது. விகிதத்தைப் பற்றிப் பலர் கவலைப்படும் அளவுக்கு விறைப்பைப் பற்றி யாரும் கவலைப்படாதது வருந்தத்தக்கது.

திசை மாறும்போது வெளிப்படும் தளர்வுக்குப் பட்டறையில் பேக்லாஷ் என்று பெயர். கோவையிலோ ஓசூரிலோ சிஎன்சி பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்கும் முறை கைவந்த ஒன்று. மேசையில் டயல் கேஜின் முனையைப் பொருத்தி, கைச்சக்கரத்தால் 0.01 மில்லிமீட்டர் படிகளாக ஒரே திசையில் நகர்த்தினால் முள் ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு நகரும். பிறகு சக்கரத்தை எதிர்த்திசையில் திருப்பினால், முதல் ஒன்றிரண்டு படிகளுக்குத் திரையில் எண் மாறும், முள் மாறாது. அசையாமல் நின்ற அந்தப் படிகளே தளர்வின் அளவு. அந்த அளவைக் கன்ட்ரோலரில் பதிந்து ஈடுகட்டலாம் என்றாலும், அது தேய்மானத்தை மறைக்கிறதே தவிர நீக்குவதில்லை; இரட்டை நட்டால் முன்னழுத்தம் கொடுத்துத் தளர்வைத் தொடக்கத்திலேயே அகற்றுவதே முறையான தீர்வு.

வெப்பம் இதைவிடப் பெரிய பகை. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வில் 11 முதல் 12 மைக்ரோமீட்டர் நீள்கிறது. காலையில் குளிர்ந்திருந்த ஒரு மீட்டர் ஸ்க்ரூ, உராய்வாலும் தாங்கிகளின் சூட்டாலும் நண்பகலுக்குள் 10 டிகிரி சூடேறினால், சுமார் 0.115 மில்லிமீட்டர் நீண்டுவிடும். துல்லியப் பாகங்களுக்கு அனுமதிக்கப்படும் பிழை பெரும்பாலும் இதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஸ்க்ரூவின் இரு முனைகளையும் பிடித்து முன்கூட்டியே இழுத்துக் கட்டுவது சில டிகிரி உயர்வை உள்வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்த திரவத்தை ஸ்க்ரூவின் உள்துளை வழியே ஓடவிடுவதும் உண்டு. வெப்பநிலையைச் சீராக வைத்திருக்கும் எளிய வழி, வேலை தொடங்கும் முன் அச்சுகளை வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றுவது. அதற்கு ஒதுக்கும் நேரத்தை வீண் என்று கருதும் நிர்வாகங்கள், முதல் மணி நேரத்துப் பாகங்கள் ஏன் அளவில் நிற்கவில்லை என்று பிறகு விசாரிக்கின்றன.

மோட்டாரும் டிரைவும்

மோட்டார் வகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஸ்டெப்பர் மோட்டார், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் குறிப்பிட்ட கோணம், பெரும்பாலும் 1.8 பாகை, திரும்பும். 200 துடிப்புகளுக்கு ஒரு முழுச் சுற்று. அளவீடு இல்லாமலே இயங்குவதால் மலிவானது, ஆனால் சுமை மிகும்போது படி தவறினால் அது யாருக்கும் தெரியாது. முப்பரிமாண அச்சிடும் இயந்திரங்களுக்கு அது போதும். உலோகம் வெட்டும் அச்சுக்குப் போதாது. அங்கே 1980-கள் முதல் நிலைகாந்தம் பொருத்திய மாறுமின் சர்வோ மோட்டார் ஆட்சி செலுத்துகிறது. பிரஷ் இல்லாததால் பராமரிப்பு குறைவு, கம்பிச்சுருள் வெளிக்கூட்டில் இருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறும். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், தனியாக அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் கண்டறிந்த நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம், அதே உருவளவில் கூடுதல் முறுக்குவிசை தரும் மோட்டார்களைச் சாத்தியமாக்கியது. இக்காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் சேர்க்கப்படுகின்றன. 2025 ஏப்ரலில் சீனா இவை உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியபோது, மோட்டார்த் தொழில் ஒற்றை நாட்டை எவ்வளவு சார்ந்து நிற்கிறது என்பது வெளிப்படையானது.

டிரைவின் வேலை, மின்வழங்கலை மோட்டாருக்கு வேண்டிய வடிவில் வெட்டித் தருவது. 415 வோல்ட் மும்முனை மின்சாரம் டிரைவுக்குள் நுழைந்ததும் நேர்மின்னாகத் திருத்தப்பட்டு, பெரிய மின்தேக்கிகளில் ஏறத்தாழ 590 வோல்ட்டாகச் சேமிக்கப்படுகிறது. அதிலிருந்து ஆறு மின்னணுச் சுவிட்சுகள், விநாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடி, திறந்திருக்கும் கால அளவை மாற்றுவதன் மூலம் வேண்டிய அலைவடிவ மின்னோட்டத்தை மோட்டாருக்குள் செலுத்துகின்றன. இந்தச் சுவிட்சாகப் பெரும்பாலும் பயன்படும் ஐஜிபிடி என்னும் டிரான்சிஸ்டரை, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பயன்பாட்டு வடிவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர், சென்னையில் பிறந்து, சென்னை ஐஐடியில் 1969-இல் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா. மின்சார ரயில் முதல் மின்சார அடுப்பு வரை பரவியிருக்கும் அவருடைய பணி, 2024-ஆம் ஆண்டின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசைப் பெற்றது. தமிழகப் பொறியியல் மாணவர்கள் இப்பெயரைப் பாடத்தில் படிக்காமலே பட்டம் பெறுவது சரியல்ல.

மாறுமின் மோட்டாரை நேர்மின் மோட்டாரைப் போல எளிதாக ஆள முடிந்ததற்குக் காரணம், ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் பிளாஷ்கே 1970-களின் தொடக்கத்தில் வகுத்த காந்தப்புலத் திசையமைவு முறை. மூன்று முனைகளிலும் அலையாக ஓடும் மின்னோட்டத்தை, ரோட்டரோடு சேர்ந்து சுழலும் பார்வையிலிருந்து கணக்கிட்டால், அது காந்தப்புலத்தை உருவாக்கும் ஒரு பகுதியும் முறுக்குவிசையை உருவாக்கும் ஒரு பகுதியுமாகப் பிரிகிறது. இரண்டும் நிலையான எண்களாக நிற்பதால் ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்ற முடிகிறது. இக்கணக்குக்கு ரோட்டரின் கோணம் ஒவ்வொரு கணமும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மோட்டாரின் பின்னால் உள்ள உணரி, நிலையை அளப்பதற்கு முன்பே முறுக்குவிசையை உண்டாக்குவதற்கே தேவைப்படுகிறது. மேலும், வேகம் குறையும்போது மேசையின் இயக்க ஆற்றல் மோட்டார் வழியே திரும்பி வந்து மின்தேக்கியின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அதை எரித்துத் தீர்க்க ஒரு மின்தடையோ, மின்வழங்கலுக்கே திருப்பி அனுப்பும் சுற்றோ வேண்டும். கனமான சுமையைத் திடீரென நிறுத்தும்போதெல்லாம் டிரைவ் மிகைமின்னழுத்த அலாரம் காட்டி நின்றால், பெரும்பாலும் குறை இந்த மின்தடையின் தேர்வில் இருக்கிறது.

அளவீடு எங்கே நடக்கிறது

ஒளி என்கோடரில் கோடுகள் பொறித்த கண்ணாடி வட்டு சுழலும்போது, அதன் வழியே செல்லும் ஒளி மறைந்து தோன்றித் துடிப்புகளாகிறது. ஒரு துடிப்பலையின் கால் பங்கு அளவு முன்பின்னாக அமைந்த இரண்டு துடிப்பு வரிசைகளில் எது முந்துகிறது என்பதைக்கொண்டு திசை தெரிகிறது. இரண்டின் ஏற்ற இறக்கங்களையும் எண்ணினால் கோடுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காகிறது. 2,500 கோடு உள்ள வட்டு ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை தருவது இப்படித்தான். இவ்வகை, மின்சாரம் போனால் தான் இருக்கும் இடத்தை மறந்துவிடுவதால், இயந்திரத்தை ஒவ்வொரு முறை இயக்கும்போதும் ஒரு குறிப்பு நிலைக்குக் கொண்டுபோய் ‘ஹோம்’ எடுக்க வேண்டியிருக்கிறது. முற்றளவு என்கோடர் ஒவ்வொரு கோணத்துக்கும் தனிக் குறியீடு வைத்திருப்பதால் அந்தத் தேவை இல்லை. சாதாரண இரும எண்ணில் 7-இலிருந்து 8-க்குப் போகும்போது நான்கு இலக்கங்களும் ஒரே நொடியில் மாற வேண்டும். ஒன்று சற்றே பிந்தினாலும் தவறான எண் படிக்கப்படும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிராங்க் கிரே 1947-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த குறியீட்டில் அடுத்தடுத்த எண்களுக்கிடையே ஓர் இலக்கம் மட்டுமே மாறுவதால் அந்தப் பிழை எழுவதில்லை. எண்ணெயும் அதிர்வும் சூடும் மிகுந்த இடங்களில், கண்ணாடியும் மின்னணுவும் இல்லாமல் கம்பிச்சுருள்களால் மட்டும் கோணத்தைச் சொல்லும் ரிசால்வர் இன்றும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

இன்றைய சர்வோ மோட்டார்களில் 20 பிட் என்கோடர் சாதாரணம். ஒரு சுற்றுக்கு 10,48,576 எண்ணிக்கை. 10 மில்லிமீட்டர் லீட் உள்ள ஸ்க்ரூவில் ஒரு எண்ணிக்கைக்கு 10 நானோமீட்டருக்கும் குறைவான நகர்வு. விற்பனைப் பட்டியல் இதைத் துல்லியம் என்று எண்ண வைக்கிறது. உண்மையில் இது பிரிதிறன், அதாவது அளக்கக்கூடிய மிகச் சிறிய மாற்றம் மட்டுமே. ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்க்ரூ 10 டிகிரி சூடேறி 0.115 மில்லிமீட்டர் நீண்டபோது, அந்த நீட்சி என்கோடரின் ஒரு எண்ணிக்கையைப் போலப் பன்னீராயிரம் மடங்கு பெரிது. என்கோடரோ அதை அறியவே இல்லை, ஏனெனில் அது மோட்டாரின் பின்முனையில் உட்கார்ந்து தண்டின் சுழற்சியை மட்டுமே பார்க்கிறது. கப்ளிங்கின் இறுக்கத் திருகு தளர்ந்து தண்டு சற்றே வழுக்கினாலும் இதே கதைதான்: மேசை விலகியிருக்கும், திரையில் எண் சரியாக இருக்கும், அலாரம் எதுவும் வராது. மோட்டார் தண்டில் மட்டும் அளந்து, அதன்பின் உள்ளவற்றை நம்பிக்கையில் விட்டுவிடும் இந்த அமைப்பை அரைமூடிய சுற்று என்பர். உலகில் ஓடும் சிஎன்சி அச்சுகளில் பெரும்பான்மை இவ்வகையே.

அப்படியானால் பிட் எண்ணிக்கையை உயர்த்தியதன் பயன் என்ன? விடை வேகத்தில் இருக்கிறது. டிரைவ் அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தைக்கொண்டே வேகத்தைக் கணக்கிடுகிறது. 0.125 மில்லிவிநாடிக்கு ஒருமுறை அளந்தால், 10,000 எண்ணிக்கை உள்ள என்கோடரில் நிமிடத்துக்கு 48 சுற்றுக்குக் கீழான வேகத்தில் ஒரு அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு எண்ணிக்கைகூட முழுதாக மாறாது. வேகம் பூச்சியம், 48, பூச்சியம், 48 என்று குதிப்பதாகவே டிரைவுக்குத் தோன்றும். 20 பிட்டில் அந்த எல்லை நிமிடத்துக்கு அரைச் சுற்றுக்கும் கீழே இறங்குகிறது. மெதுவான வெட்டில் பரப்பு மழமழப்பாக வருவதற்கும் மோட்டார் இரைச்சலின்றி நிற்பதற்கும் உயர் பிரிதிறன் உதவுகிறது. பாகத்தின் அளவு சரியாக வருவதற்கு அது அளிக்கும் உத்தரவாதம் மிகக் குறைவு.

மேசையின் பக்கத்திலேயே கண்ணாடி நேர்கோட்டு அளவுகோலைப் பொருத்தி அதையே நிலைக்கான அளவீடாகக் கொண்டால், ஸ்க்ரூவின் வெப்ப நீட்சியும் லீட்டின் பிழையும் சுற்றுக்குள் அடங்கித் திருத்தப்படுகின்றன. இதுவே முழுமூடிய சுற்று. வெட்டுவாய்க்கு எதிரே இல்லாமல் 300 மில்லிமீட்டர் தள்ளி அளவுகோல் அமைந்தால், வழித்தடத்தின் 10 விகலைச் சாய்வுகூட, அதாவது ஒரு பாகையில் 360-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் பிழையாக மாறும் என்பதை மறக்கலாகாது. அளவிடும் கோடும் அளக்கப்படும் கோடும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று ஏர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் வகுத்த விதி இன்னும் மாறவில்லை. அதோடு, தளர்வுள்ள ஸ்க்ரூவுக்கு அளவுகோலை மருந்தாக எண்ணுவது தவறு. தளர்வு இப்போது சுற்றுக்குள் வந்துவிடுவதால், இலக்குக்கு இப்பாலும் அப்பாலும் மேசை ஓயாமல் தேடித் திரியும். வேகத்தை மோட்டாரின் என்கோடரிலும் நிலையை அளவுகோலிலும் அளக்கும் இரட்டைச் சுற்று இதைத் தணிக்கிறது, ஆனால் விறைப்பில்லாத அச்சைக் காப்பாற்றுவதில்லை.

சுற்றுகளும் கட்டளையும்

டிரைவுக்குள் மூன்று சுற்றுகள் ஒன்றனுள் ஒன்றாக ஓடுகின்றன. உள்ளே இருப்பது மின்னோட்டச் சுற்று. அதுவே முறுக்குவிசையை ஆள்கிறது, மிக வேகமானது. அதைச் சுற்றி வேகச் சுற்றும், அதற்கும் வெளியே நிலைச் சுற்றும் அமைகின்றன. உள்சுற்று வெளிச்சுற்றைவிடப் பல மடங்கு விரைவாக இருந்தால்தான் அடுக்கு நிலைத்து நிற்கும். ஆகவே சரிசெய்தல் எப்போதும் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். வேகச் சுற்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது நிலைச் சுற்றின் கெயினை, அதாவது விலகலைப் பெருக்கிக் கட்டளையாக்கும் எண்ணை, திருகிப் பார்ப்பது பயனற்ற வேலை.

நிலைச் சுற்று, விலகலுக்கு ஏற்ற வேகத்தைக் கட்டளையாகத் தருவதால், ஓடிக்கொண்டிருக்கும் அச்சு எப்போதும் கட்டளைக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். கெயின் விநாடிக்கு 50 என்றும் வேகம் விநாடிக்கு 100 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், பின்தங்கல் 2 மில்லிமீட்டர். இரண்டு அச்சுகளும் சேர்ந்து நேர்கோட்டில் செல்லும்போது, இரண்டின் கெயினும் ஒன்றாக இருந்தால், இந்தப் பின்தங்கல் கோட்டின் மீதே விழுவதால் வடிவம் கெடுவதில்லை. வட்டத்தில் அப்படியல்ல. அதே வேகத்தில் 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தை வெட்டினால், ஆரம் சுமார் 0.04 மில்லிமீட்டர் சுருங்கிவிடும். கெயின்கள் வேறுபட்டால் வட்டம் சாய்ந்த நீள்வட்டமாகும். கட்டளையின் வேகத்தை விலகலுக்காகக் காத்திராமல் முன்கூட்டியே வேகச் சுற்றுக்குத் தரும் முன்னூட்டம் இப்பிழையில் பெரும்பகுதியை நீக்குகிறது. எஞ்சுவது, அச்சு திசை மாறும் நான்கு இடங்களிலும் உராய்வு எதிர்ப்பக்கம் தாவுவதால் எழும் சிறு முட்கள். இரண்டு காந்தக் கிண்ணங்களுக்கிடையே நீளும் அளவுத் தண்டால் வட்டத்தைச் சோதிக்கும் பால்-பார் சோதனையின் வரைபடத்தில், சுருங்கிய ஆரம், சாய்ந்த நீள்வட்டம், முட்கள், படி போன்ற பேக்லாஷ் ஆகிய எல்லாக் குறைகளும் ஒரே தாளில் தனித்தனியாகத் தெரிகின்றன.

கெயினைக் கூட்டிக்கொண்டே போனால் பின்தங்கல் குறையும் என்பது உண்மை. ஆனால் ஓர் எல்லையில் இயந்திரம் ஊளையிடத் தொடங்குகிறது. அது மோட்டாரும் ஸ்க்ரூவும் மேசையும் சேர்ந்து தம் இயல்பான அதிர்வெண்ணில் ஒத்ததிரும் ஒலி. அந்த ஓர் அதிர்வெண்ணை மட்டும் விலக்கும் நாட்ச் வடிகட்டியை இட்டால் எல்லை சற்று உயரும், தானாகச் சரிசெய்துகொள்ளும் வசதி இதை நிமிடங்களில் செய்து முடிக்கும். எல்லையை நிர்ணயிப்பது மென்பொருள் அல்ல, விறைப்பு. சுமையின் பக்கம் செய்யப்படாத செலவை டிரைவின் அளபுருக்களால் ஈடுசெய்ய முடியாது.

கன்ட்ரோலரைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். முதலாவது, கட்டளை எவ்வளவு மென்மையாக எழுதப்படுகிறது என்பது. சரிவக வடிவில் முடுக்கம் திடீரெனத் தொடங்கித் திடீரென நிற்பதால் ஒவ்வொரு மூலையும் இயந்திரத்துக்கு ஓர் அடியாகிறது. முடுக்கம் மாறும் வீதமான ஜெர்க்கை வரையறுத்து மூலைகளை வளைத்தால், நகர்வு சற்றே நீண்டாலும் அதிர்வு அடங்கும் நேரம் குறைவதால் மொத்த நேரம் பெரும்பாலும் மிச்சமாகிறது. இரண்டாவது, பல அச்சுகளுக்கும் கட்டளை ஒரே கணத்தில் போய்ச் சேர வேண்டும் என்பது. 1980-களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் உருவான செர்கோஸ் ஒளியிழை இணைப்பும், 2003-இல் பெக்காஃப் நிறுவனம் வெளியிட்ட ஈதர்கேட்டும் அதற்கெனவே வந்தவை. ஈதர்கேட்டில் தரவுத் தொகுப்பு ஒவ்வொரு டிரைவிலும் நிற்காமல் கடந்துபோகும் வழியிலேயே படிக்கப்பட்டு எழுதப்படுகிறது, எல்லா டிரைவுகளின் கடிகாரங்களும் ஒரு மைக்ரோவிநாடிக்கும் குறைவான வேறுபாட்டில் ஒத்துப்போகின்றன.

நிறுத்துவதைப் பற்றி

இயக்குவதற்குக் காட்டும் கவனம் நிறுத்துவதற்கும் காட்டப்பட வேண்டும். ஐஇசி 61800-5-2 தரநிலை வரையறுக்கும் எஸ்டிஓ என்னும் வசதி, அவசரப் பொத்தானோ கதவுச் சுவிட்சோ இயங்கியதும் மோட்டார் முறுக்குவிசை உண்டாக்க முடியாதபடி டிரைவைத் தடுக்கிறது. இரண்டு செய்திகளை இது குறித்துப் பணியாளர்கள் அறிந்திருப்பது கட்டாயம். எஸ்டிஓ மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. டிரைவின் மின்தேக்கியில் 590 வோல்ட் அப்படியே இருக்கிறது, மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அது வடிய டிரைவின் மேல் அச்சிட்டிருக்கும் நிமிடங்கள் ஆகும். அடுத்து, எஸ்டிஓ புவியீர்ப்பை நிறுத்துவதில்லை. முறுக்குவிசை போன மறுகணம் செங்குத்து அச்சு கீழே இறங்கத் தொடங்கும். உராய்வு குறைந்த பால் ஸ்க்ரூ அதைத் தடுக்காது. மோட்டாருக்குள் இருக்கும் பிரேக், நின்ற அச்சைப் பிடித்துவைக்கச் செய்யப்பட்டது. ஓடும் அச்சை மீண்டும் மீண்டும் நிறுத்தப் பயன்படுத்தினால் அதன் பிடி தேய்ந்துபோகும். ஆகவே செங்குத்து அச்சு உள்ள ஒவ்வொரு இயந்திரத்திலும், பிரேக்கின் பிடிக்கும் முறுக்குவிசையைக் குறித்த கால இடைவெளியில் சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அதன் கீழே கையை நீட்டும் முன், பிரேக்கை மட்டும் நம்பாமல், அச்சுக்கு ஒரு முட்டுக்கட்டை கொடுத்தாக வேண்டும்.